ஆடாத பெஞ்ச் வேண்டும்! – பட்டறைப் பக்கம் கேள்வி பதில்

தொழிற்கூடங்களுக்கான கனமான ஒர்க் பெஞ்ச் (வேலை செய்யும் இரும்பு மேசை) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், கோவை கணபதியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை, அதாவது இரும்பை வெட்டி வெல்டு செய்து கட்டும் பட்டறை, நடத்துகிறவர்.

ஓசூரில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். '1,500 கிலோ தாங்கும்' என்று போட்டு இணையத்தில் ஒரு பெஞ்ச் விற்கிறார்கள். இங்குள்ள பட்டறையில் கேட்டால் அதைவிட அதிகமாக விலை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

உங்கள் பெஞ்ச் மேல் 1,500 கிலோவை என்றைக்கு ஏற்றப் போகிறீர்கள்? ஒரு சின்ன கார் முழுசாக நின்றாலே அவ்வளவு வராதே!

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. பலகை முழுக்கச் சமமாகப் பரப்பி வைத்தால் தாங்கும் என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். பட்டறையில் யார் அப்படி வைக்கிறார்கள்? கியர்பாக்ஸ் வந்தால் நட்ட நடுவில்தான் இறங்கும். இரண்டு முனையில் தாங்கி நிற்கும் ஒரு சட்டத்தில், பரவலாக இருக்கும் எடையே நடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அதை வளைக்கும் விசை இரண்டு மடங்காகும், தொய்வு 1.6 மடங்காகும். நீளத்தையும் பாருங்கள். 6 அடி பெஞ்சுக்குப் போட்ட அதே பைப்பை 8 அடிக்குப் போட்டால் தொய்வு இரண்டேகால் மடங்குக்கு மேல் போகும். நீளம் கூடக் கூட அதன் கனத்தில், அதாவது மூன்று தடவை பெருக்கின கணக்கில், தொய்வு ஏறும். அதனால்தான் 8 அடி என்றால் நடுவில் ஒரு ஜோடிக் கால் கேட்கிறோம். இரும்பை விற்பதற்காகச் சொல்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஆட்டம். அரம் போடுகிறவன் பெஞ்சைக் கீழே அழுத்துவதில்லை, முன்னும் பின்னும் தள்ளுகிறான். பக்கவாட்டில் வரும் இந்தத் தள்ளலைப் பற்றி 1,500 கிலோ என்ற எண் ஒன்றுமே சொல்லாது. கால் பைப்பின் சுவர் எத்தனை மில்லி (மில்லிமீட்டர்) கனம், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் மூன்று பக்கமும் குறுக்குப் பைப் இருக்கிறதா, பின்பக்கம் தகடு அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கத்தில் 1.6 மில்லி தகடு ஒன்றை அடைத்தாலே பக்கவாட்டு ஆட்டம் பெருமளவு நின்றுவிடும். சும்மா போல்ட் போட்டுக் கோத்து வரும் பெஞ்சில் இது இருக்காது. ஆறு மாதத்தில் போல்ட் துளை தேய்ந்து பெஞ்ச் 'கிறீச்' என்று கத்த ஆரம்பிக்கும்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். வைஸில் (பெஞ்சில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒரு ராடைப் பிடித்து, பெஞ்சின் மறு ஓரத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரை வைத்துவிட்டு, ஒருவரை நன்றாக அரம் போடச் சொல்லுங்கள். தண்ணீர் சிந்தினால் வாங்க வேண்டாம். உள்ளூர் பட்டறை என்றால் இதை அங்கேயே செய்து பார்க்கலாம், சரியில்லை என்றால் நின்ற இடத்திலேயே ஒரு சப்போர்ட் வைக்கச் சொல்லலாம். அவர் கூடுதலாகக் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான்.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை எங்களுடையது. மேல் பலகைக்கு 6 மில்லி பிளேட் போதுமா, 10 மில்லி போடலாமா? ஃபேப்ரிகேட்டர் 10 மில்லிதான் என்கிறார், கிலோ கணக்கில் விலை சொல்கிறார்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் எடையைக் கூட்டத்தான் யாருக்கும் தோன்றும். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் தொழிலே அப்படிப் பழகிவிட்டது. எனக்குப் பிடிக்காத பழக்கம் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்புத் தகடு ஒரு மில்லி கனத்துக்கு ஒரு சதுர மீட்டர் 7.85 கிலோ. ஆறடிக்கு இரண்டரை அடி, அதாவது 1,800-க்கு 750 மில்லி பலகை, 1.35 சதுர மீட்டர். 6 மில்லியில் அது சுமார் 64 கிலோ, 10 மில்லியில் 106 கிலோ. கால், குறுக்குச் சட்டம் எல்லாம் 50-க்கு 50 ஸ்கொயர் பைப், 3 மில்லி சுவர் என்று வைத்தால் மீட்டருக்கு நாலேகால் கிலோ. 15 மீட்டர் போனால் இன்னொரு 64 கிலோ. பலகையில் கூட்டும் 42 கிலோவுக்கு, கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரேமுக்கான பைப்பில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கிவிடலாம்!

பஸ் பாடிக்குத் தகடு மடிப்பதும் தட்டுவதும்தான் அதிகம். 6 மில்லி போடுங்கள். அடியில் 400 மில்லிக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். வைஸ் உட்காரும் மூலையில் மட்டும் அடியில் 12 மில்லி துண்டு ஒன்றை வைத்துக் கொள்ளுங்கள், அந்த மூலை நேராகக் காலுக்கு மேல் வரட்டும். சம்மட்டி போட்டு அடிக்கிற வேலைக்குத் தனியாகக் குட்டை மேசை ஒன்று கட்டி அதற்கு 16 மில்லி, 20 மில்லி என்று தாராளமாகப் போடுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே பெஞ்ச் என்று நினைத்தால்தான் 10 மில்லி பேச்சே வரும்.

இன்னொன்று. பலகையை ஃபிரேமோடு சுற்றிலும் முழு வெல்டிங் வைக்க விடாதீர்கள். சூட்டில் இழுத்துப் பலகை கிண்ணம் கட்டிவிடும், பிறகு மட்டம் வைத்துப் பார்த்தால் அழுகை வரும். அடியிலிருந்து இரண்டு அங்குலம் வெல்டு, எட்டு அங்குலம் விடுதல், அதுவும் பக்கம் மாற்றி மாற்றி. என்னைக் கேட்டால் வெல்டிங்கே வேண்டாம். தலை பதிந்து உட்காரும் ஆலன் போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் பத்து வருஷம் கழித்துப் பலகையை மட்டும் திருப்பிப் போடலாம்.

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் யூனிட் நடத்துகிறேன். வேலை செய்வது எல்லாம் பெண்கள். 34 அங்குல பெஞ்ச்தான், ஆனாலும் தோள்பட்டை வலி என்கிறார்கள். – வாசகி

அம்மா, பெஞ்சின் உயரத்தை அளந்தீர்கள், கை நிற்கும் உயரத்தை அளந்தீர்களா? 34 அங்குல பெஞ்ச் மேல் ஸ்டேட்டரும் (மோட்டாரின் சுழலாத வெளிப்பகுதி) அதைப் பிடிக்கும் ஸ்டாண்டும் சேர்ந்து எட்டு அங்குலம் என்று வையுங்கள். ஸ்டேட்டரின் பள்ளத்தில் (ஸ்லாட்) கம்பி இறக்கும் கை 42 அங்குலத்தில் நிற்கிறது. நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது முழங்கையை விட மேலே. நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றால் தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொருவரையும் செருப்போடு நிற்க வைத்து, முழங்கையை மடித்துத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். கம்பிச் சுருளை (காயில்) இறக்குவது போன்ற இலகு வேலைக்கு, கை வேலை செய்யும் இடம் முழங்கைக்கு நான்கு அங்குலம் வரை கீழே இருக்கலாம். அதிலிருந்து ஸ்டேட்டர், ஸ்டாண்ட் உயரத்தைக் கழித்தால் பெஞ்ச் உயரம் வந்துவிடும். அநேகமாக 28, 30 என்றுதான் வரும். மேசை குட்டையாகத் தெரிகிறதே என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆளுக்கு ஆள் உயரம் மாறும் என்பதால் காலை ஏற்றி இறக்குகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். 50-க்கு 50 பைப்புக்குள் 40-க்கு 40 பைப் இறங்கும். சுவர் 3 மில்லி போக உள்ளே 44 மில்லி இடம் இருப்பதால் கொஞ்சம் லொடலொடக்கும். வெளிப் பைப்பின் வாயருகில் இரண்டு முகத்தில் நட்டு வைத்து வெல்டு செய்து, போல்ட்டால் உள் பைப்பை இறுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஓர் அங்குலத்துக்கு ஒரு துளை போதும். முடிந்தால் நிற்குமிடத்தில் ரப்பர் மேட்டும் போடுங்கள்.

திருச்சி துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் யூனிட். பெல் (பாய்லர் செய்யும் பி.எச்.இ.எல். நிறுவனம்) ஆர்டரையே நம்பி இருந்தோம், இப்போது வேலை குறைவு. ஒர்க் பெஞ்ச் தயாரிப்பில் இறங்கலாமா?

தாராளமாக இறங்கலாம். ஆனால் உங்கள் பையன்களின் பலமே இதில் கொஞ்சம் இடைஞ்சல். பாய்லர் டியூபில் எக்ஸ்ரே பாஸ் ஆகிற வெல்டு போடுகிற கைக்கு, 1.2 மில்லி தகட்டில் டிராயர் செய்யச் சொன்னால் ராடு வைத்த இடத்தில் ஓட்டை விழும். 0.8 மில்லி கம்பியோடு சி.ஓ.டூ வெல்டிங்குக்குப் பழக வேண்டும். தகடு வெட்டுவதையும் மடிப்பதையும் லேசர், பிரஸ் பிரேக் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த மெஷினை முதல் வருஷமே வாங்காதீர்கள், இ.எம்.ஐ. தூங்க விடாது.

அடுத்தது பெயின்ட். பாய்லர் ஸ்ட்ரக்சருக்கு ரெட் ஆக்சைடு அடித்து அனுப்பினால் வாங்கிக்கொள்வார்கள். பெஞ்ச் வாங்குகிறவர் முதலில் தடவிப் பார்ப்பதே பெயின்டைத்தான். பவுடர் கோட்டிங் (பெயின்ட் பொடியைத் தூவி ஓவனில் சூடேற்றுவது) வெளியில் கொடுப்பீர்கள் என்றால் முதலில் கோட்டிங் போடுகிறவருடைய ஓவனை அளந்து வாருங்கள். உள்ளே போகாத நீளத்தில் ஒற்றை ஃபிரேமாக வெல்டு செய்துவிட்டு நிற்கக் கூடாது. இரண்டு பக்க ஃபிரேம், நடுச் சட்டங்கள் என்று பிரித்து, இறுக்கமான போல்ட் இணைப்பாகச் செய்யுங்கள். லாரி வாடகையும் குறையும். முழுக்க மூடிய பைப்பில் அடிப்பக்கம் சின்னத் துளை விட மறக்காதீர்கள். கழுவும் தொட்டியில் உள்ளே புகுந்த ஆசிட் தண்ணீர், 180, 200 டிகிரி ஓவனில் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து கோட்டிங்கைக் கெடுக்கும்.

விற்பனைக்கு என் யோசனை: கேட்டலாக் அச்சடிப்பதற்கு முன், டேப்பும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழிற்கூடங்களுக்குப் போய் அவர்கள் பெஞ்சைப் பாருங்கள். எந்தக் காலுக்கு அடியில் மரத்துண்டு வைத்திருக்கிறார்கள், எந்த டிராயர் பாதியில் சிக்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். தூரத்திலிருந்து விற்கிறவனுக்கு அந்தக் குறிப்பு கிடைக்காது. காலுக்கு அடியில் எம் 16 போல்ட்டில் மட்டம் வைக்கும் பாதம் மட்டும் கொடுத்துப் பாருங்கள், பாதி ஆர்டர் அதற்கே வரும்.

அம்பத்தூரில் பெஞ்ச், ரேக் செய்கிறேன். ஒரு கம்பெனி நாலு மாதமாகப் பணம் தரவில்லை.

குறு அல்லது சிறு நிறுவனம் என்று அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தாமதமாகும் பணத்துக்காக மத்திய அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் பதியலாம். முதலில் அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டியதை அந்தக் கெடு தாண்டி வைத்திருந்தால், கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவுக் கணக்கில் காட்ட முடியும் என்று 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரி விதியும் வந்துவிட்டது. ஆடிட்டருக்கு அது தெரியும். பதிவு இல்லை என்றால் இன்றைக்கே போட்டுவிடுங்கள், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அவர் புரோக்கர்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி சர்வீஸ் செய்கிறோம். பெஞ்ச் மேல் மரப் பலகை போடலாமா?

வேண்டாம். டீசலும் கிரீஸும் ஊறி ஒரு வருஷத்தில் நாறும், வெல்டிங் பொறி விழுந்தால் இன்னும் வம்பு. ஃபினிஷிங் முடிந்த பாகத்தைக் கீறாமல் வைக்கும் இடத்துக்கு மட்டும்தான் மரம் நல்லது, அதற்கு வேங்கைப் பலகை போட்டால் நெடுநாள் வரும். உங்களுக்கு வெறும் இரும்புப் பலகை போதும். பெயின்ட்கூட அடிக்காதீர்கள், சனிக்கிழமை சாயந்திரம் கழிவு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

பழைய பெஞ்ச் ஒன்று ஆடுகிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? – ஈரோடு வாசகர்

பலகை எத்தனை மில்லி, கால் அடியில் துரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்லவில்லையே. கால் சுவரைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே குழியாமல் கணீரென்று கேட்டால், பின்பக்கம் ஒரு தகடும் நான்கு மூலையில் முக்கோணத் துண்டும் வைத்தால் சரியாகிவிடும். குழிந்தால் பலகையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு ஃபிரேமை எடைக்குப் போட்டுவிடுங்கள்.