ஸ்கல்லியின் பக்கத்து நாற்காலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வின் ஸ்கல்லியின் பேஸ்பால் வர்ணனைகளைக் கேட்டுவருகிறேன். ஒரே அணிக்காக 67 சீசன் பேசியிருக்கிறார். சலிக்காதா? நானும் எங்கள் ஊர் கிரிக்கெட் போட்டிகளுக்கு வர்ணனை செய்கிறேன், பதிவு அனுப்பியிருக்கிறேன். குரலை எப்படி வளர்ப்பது? கூட ஒரு நண்பனும் பேசினால் கலகலப்பாக இருக்குமா?

கே.

அன்புள்ள கே.,

பதிவைக் கேட்டேன். ஈர மண்ணில் பவுலர் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்ததைச் சொன்னீர்களே, அந்த இடம் அருமை. குரல் உங்களுக்குப் போதும். சலிப்பா? 1950-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்து, 1958-ல் அணியோடு லாஸ் ஏஞ்சலஸ் போய், 2016 வரை பேசியவரிடம் கேட்கிற கேள்வியா இது?

நண்பன் விஷயத்தைத்தான் விட மனமில்லை. டாட்ஜர்ஸ் ஆட்டங்களில் ஸ்கல்லி பெரும்பாலும் தனியாகவே பேசினார். பேச்சுத்துணை இல்லாததால் எல்லாம் கேட்பவரிடமே வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் பின்வரிசைக்காரர்களுக்குப் பந்து சரியாகத் தெரியாது. டிரான்சிஸ்டரோடு வந்து, மைதானத்தில் உட்கார்ந்தே அவரைக் கேட்டார்கள். 1965 செப்டம்பர் 9 அன்று டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் சாண்டி கூஃபாக்ஸ், எதிரணியினர் மட்டை பிடிக்க வந்த 27 முறையும் வரிசையாக அவர்களை வெளியேற்றினார். கடைசி இன்னிங்ஸில் ஸ்கல்லி அவ்வப்போது மணி சொல்கிறார். முடியும்போது இரவு 9.46. அந்தப் பதிவு பின்னாளில் கூஃபாக்ஸுக்கு நினைவாக இருக்கட்டுமே என்றுதான்.

என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் பார்வை மங்கிவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து கிரிக்கெட்டைக் காதால்தான் பார்த்தார். வர்ணனையாளர்கள் மூன்று பேர் தங்கள் பழைய ஹோட்டல் கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று கூட்டம் கத்தும். "யாருடா அவுட்?" என்பார். பதில் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் அடுக்களையிலிருந்து ஓடிவருவேன். அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. உங்கள் ஊரிலும் திண்ணையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் இருப்பார். அவரை மறந்துவிட்டு நண்பனோடு கலகலப்பா? வேண்டவே வேண்டாம்.

ஸ்கல்லியின் குரு ரெட் பார்பர் மேசையில் ஒரு சின்ன மணல் கடிகாரம் வைத்திருப்பார். மணல் இறங்கியதும் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். நீங்களும் ஒன்று வாங்குங்கள். நண்பனும் வரட்டும், ஸ்கோர் எழுதட்டும். மைக்கை மட்டும் அவனிடம் கொடுக்காதீர்கள்.