பம்ப் ஹவுஸை உயர்த்த யாரிடம் பணம் கேட்பது?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மிக்ஜாம் புயலின்போது பக்கத்து பம்ப் ஹவுஸில் வெள்ளம் புகுந்து, நாலு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. எங்கள் சம்ப்பிலும் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) சாக்கடை கலந்துவிட்டது. இவற்றை உயர்த்திக் கட்ட அரசின் பேரிடர் நிதி கிடைக்குமா?

பதில்: சம்ப் கதையை முதலில் முடித்துவிடுவோம். அது உங்கள் சொத்து; இந்த நிதியிலிருந்து அதற்குப் பத்து பைசா வராது. மூடியைத் தூக்கிக் கட்டும் செலவு சங்கத்தின் கணக்கில்தான்.

பம்ப் ஹவுஸ் அப்படியில்லை. பணம் உண்டு, ஆனால் அதைக் கேட்க வேண்டியது குடிநீர் வாரியம். நீங்கள் வாரியத்தைக் கேட்க வைக்க வேண்டும். பலர் சறுக்குவது எந்த நிதி என்பதில்தான். நிவாரண நிதி, வெள்ளம் வடிந்தபின் நனைந்த மோட்டாரைச் சரிசெய்து ஓடவைக்கத்தான். அதே தரை, அதே உயரம். அடுத்த மழையில் மறுபடி முங்கும். உயர்த்துவதற்கு இருப்பது தணிப்பு நிதி, அதாவது அடுத்த பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்கான பணம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியை 80 சதவீதம் நிவாரணம், 20 சதவீதம் தணிப்பு என்று பிரித்தது. தேசிய அளவிலும் ஒரு தணிப்பு நிதி இருக்கிறது; மிக்ஜாமுக்குப் பிறகு சென்னைப் படுகையின் வெள்ளத் தடுப்புக்கு ரூ.561.29 கோடித் திட்டம் ஒப்புதல் பெற்றது அதன் கீழ்தான்.

சரி, கையில் என்ன எடுத்துப் போவது? பம்ப் ஹவுஸ் சுவரில் வெள்ளக் கறை இன்னும் இருந்தால் டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். பக்கத்திலேயே மின் பேனலின் அடிமட்டத்தையும் அளந்து எடுங்கள். கறை மூன்றரை அடி, பேனல் இரண்டடி என்று தெரிந்தால் இன்ஜினியருக்கு அதுவே போதும், மதிப்பீடு போட ஆரம்பித்துவிடுவார். பத்துப் பக்க மனுவைவிட இது மேல். கேட்பதையும் சுருக்கமாகக் கேளுங்கள்: பேனலை மேலேற்றுவது, ஜெனரேட்டருக்கு உயர்ந்த மேடை. 'வெள்ளத் தடுப்பு வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் மழைநீர் வடிகால் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வாரியத்தின் பகுதி அலுவலகங்களில் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலையில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும். கவுன்சிலரின் கடிதத்தோடு அங்கே கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் வரை இழுக்காதீர்கள், அப்போது அவர்கள் மழை வேலையில் ஓடிக்கொண்டிருப்பார்கள். மார்ச், ஏப்ரல் சரியான நேரம். அப்புறம், யாராவது வெள்ளையடிப்பதற்குள் அந்தக் கறையைப் படம் எடுத்துவிடுங்கள்.