விசிலும் விடைத்தாளும்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. குக்கரை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று எண்ணும்போது ஒரு விசிலைக்கூடத் தவறவிடுவதில்லை. விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாலோ ஐந்தாறு விசில் போனாலும் தெரிவதில்லை. பருப்பு அடிபிடித்த வாசனைதான் எழுப்புகிறது. "கேட்டும் கேளாததுபோல் இருக்கிறாய்" என்கிறார்கள் வீட்டில். கவனிக்கும்போது ஒலியை உணரும் நியூரான்கள் (மூளையின் நரம்பணுக்கள்) அதிகமாக மின்துடிப்பு எழுப்பித் துடிக்கும் என்பதுதானே இதற்குக் காரணம்?

ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

பாதிதான் சரி. 1959இல் டேவிட் ஹியூபெலும் உடன் பணியாற்றியவர்களும், மயக்க மருந்து தராத பூனைகளின் செவிப்புறணியில் (ஒலியைக் கையாளும் மூளை மேற்பரப்புப் பகுதியில்), சத்தம் வரும் பக்கம் பூனை கவனம் வைத்தால் மட்டுமே துடிக்கும் சில நியூரான்களைக் கண்டார்கள். பார்வை ஆய்வுக்காகப் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அதே ஹியூபெல்தான்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஃபிரிட்ஸ், ஷம்மா குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. கீரியைப் போல் நீண்ட உடல் கொண்ட ஃபெரட், இரைச்சல் ஒலித்துக்கொண்டிருக்கும்வரை குழாயில் தண்ணீரை நக்கிக்கொண்டிருக்கலாம். குறிப்பிட்ட சுருதி ஒன்று கேட்டதும் நக்குவதை நிறுத்தாவிட்டால் லேசான மின்னதிர்ச்சி. அந்த வேலையில் இறங்கிய சில நிமிடங்களிலேயே பல நியூரான்கள் அந்தச் சுருதிக்குக் கூடுதலாக இசைந்தன. ஆனால் 2012இல் அதே குழுவினர் விதியைத் திருப்பி, சுருதி கேட்டதும் நக்கினால் தண்ணீர் என்று வைத்தபோது, அதே சுருதிக்கான துடிப்பு குறைந்தது. காதில் விழும் ஒலி ஒன்றுதான். அதைக் கேட்டு என்ன செய்யவேண்டும் என்பது மாறியதும் நியூரானின் போக்கும் மாறிவிட்டது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த முடிவு இது.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து எலிகளும் உங்கள் ஊகத்துக்கு ஒத்துழைக்கவில்லை. சும்மா விழித்திருக்கும் எலியைவிட, ஒலியைக் கேட்டுச் செய்யும் வேலையில் ஈடுபட்ட எலியின் செவிப்புறணி அதே ஒலிக்குக் குறைவாகத் துடித்ததாக 2009இல் எழுதினார்கள். புறணிக்கு முந்தைய நிலையமான தலாமஸில் ஒலிக்கு எழும் துடிப்பு குறையவில்லை. ஆகவே கவனத்தை வானொலியின் ஒலியளவுத் திருகாக எண்ணிக்கொள்வது பொருந்தாது.

இவை யாவும் வேலையில் இருப்பதையும் சும்மா இருப்பதையும், அல்லது ஒரு வேலையின் இரு விதிகளை ஒப்பிடுபவை. உங்கள் சிக்கலோ கண்ணுக்கான வேலைக்கும் காதுக்கான வேலைக்கும் இடையிலானது. அதற்கு மிக அருகில் வருவது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மனிதர்களிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு. திரையில் எழுத்தைத் தேடும் வேலை கடினமானபோது, பின்னணியில் ஒலித்த சுருதிகளைப் பலமுறை தவறவிட்டார்கள். மூளையின் செயல்பாட்டால் எழும் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியே அளந்தபோது, ஒலி எழுந்து சுமார் 100 மில்லிநொடியிலேயே செவிப்பகுதிகளின் பதில் மங்கியிருந்தது. அடுத்த முறை வீட்டில் அப்படிச் சொன்னால், "கேட்டும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.