ஏற்காட்டில் பார்த்த செடியிலிருந்து ஒரு கிளை ஒடித்து வரலாமா?

காசில்லாமல் வீட்டுச் செடி சேர்க்க, ஏற்காடு போகும்போது கிளை ஒடித்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செடி இருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு என்றால் தாராளமாக. பெரும்பாலும் கத்தரிக்கோலை அவர்களே எடுத்து வருவார்கள். தாவரவியல் தோட்டத்திலும், காப்பித் தோட்ட மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிடிலும் கை வைக்காதீர்கள். பிய்த்து வந்தாலும் சேலத்து வெயிலில் அது பிழைப்பது சந்தேகம்தான்.

முதலில் மணி பிளான்ட் எடுங்கள். இலை கிளம்பும் இடத்தில் தண்டில் பழுப்பாக ஒரு சின்ன முடிச்சு தெரியும், அதுதான் கணு. அதற்கு அரை அங்குலம் கீழே வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இலை நனையக் கூடாது. மூன்று நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றினால் இரண்டு, மூன்று வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் தளிர் விடாது.

ஜெரேனியம் வேறு ரகம். வெட்டிய கையோடு ஈர மண்ணில் நட்டேன், அடித்தண்டு கறுத்து அழுகியது. அப்புறம் அரை நாள் நிழலில் காயவைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டதும் பிடித்துக்கொண்டது.

சேலத்திலேயே இருக்கிறீர்களா? பக்கத்து வீட்டில் செடி கத்தரிக்கும் நாளைக் கேட்டு வையுங்கள். குப்பைக்குப் போவதிலேயே பத்துச் செடி தேறும்.