திறப்பு துலைஞ்ச மொறிஸ் மைனர்: கண்ணாடியில கை வைக்க முதல் ரோச் அடிச்சுப் பாருங்கோ

கோப்பாயில இருந்து ஒரு தங்கச்சி எழுதிக் கேட்டிருக்கிறா. அவான்ர அப்பப்பான்ர கார், 1959 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு. அப்பப்பா போன வருசம் மோசம் போயிட்டார், கார் மூண்டு வருசமா பத்திக்குள்ள பூட்டினபடி நிக்குது, அலுமாரி, றங்குப்பெட்டி, சாமியறை எல்லாம் தேடியும் திறப்பு இல்லையாம். தையில கனடாவில இருந்து பெரியப்பா வாறார், அதுக்கிடையில காரை வெளியால எடுத்துக் கழுவி வைக்கவேணும். பக்கத்து வீட்டு அண்ணை "அந்தச் சின்ன முக்கோணக் கண்ணாடியை உடைச்சுக் கையை விட்டாச் சரி" எண்டு சொல்லுறாராம். உடைக்கிறதோ விடுறதோ எண்டுதான் கேள்வி.

தங்கச்சி, உடைக்காதேங்கோ. எல்லாரும் அதைச் சின்னக் கண்ணாடிதானே, மலிவு எண்டு நினைக்கினம், ஆனா அந்தக் காரில திரும்பப் போடக் கஷ்டமான கண்ணாடி அதுதான். அது தனிய ஒரு கண்ணாடி இல்லை, சுத்திவர ஒரு பிறேம், மேலயும் கீழயும் திரும்புற ஆணி, றபர், உள்ளுக்கு ஒரு கொளுக்கி எல்லாம் சேர்ந்த சாமான். கண்ணாடி உடையேக்க பிறேமும் வளையும், பிறேம் வளைஞ்சா பிறகு எந்தப் புதுக் கண்ணாடியும் ஒழுங்கா இருக்காது, ஒவ்வொரு மாரிக்கும் தண்ணி கதவுக்குள்ள இறங்கிக் கதவின்ர அடித்தகட்டைத் திண்டுபோடும். கோண்டாவிலில ஒரு வீட்டுக்கு இப்பிடி உடைச்ச பிறகுதான் என்னைக் கூப்பிட்டவை, கதவைத் திறந்தது அஞ்சு நிமிசம், அந்தப் பிறேமை நிமித்த ரிங்கர் வேலை செய்யிறவர் மூண்டு நாள் இருந்தவர்.

முதல் வேலை, நாலு கதவையும் டிக்கியையும் ஒவ்வொண்டாப் பாருங்கோ. சிரிக்கவேண்டாம், பாதிக் கேஸ் இதிலயே முடியும். மைனரில வெளியால திறப்புப் போட்டுப் பூட்டுறது டிறைவர் பக்கக் கதவைத்தான், மற்றக் கதவுகளை உள்ளுக்கு இருந்து கைபிடியைத் தள்ளித்தான் பூட்டவேணும், வயசான ஆக்கள் பின் கதவை மறந்து விடுறது வழமை. கைபிடி திரும்புது, கதவு வரேல்லை எண்டா அது பூட்டினது இல்லை, ஒட்டினது. மூண்டு வருச வெக்கையில கதவு றபர் இளகி பெயின்ற்றில பசை மாதிரிப் பிடிச்சிருக்கும். கைபிடியைத் திருப்பிப் பிடிச்சபடி மற்றக் கையால கதவை உள்ளுக்குத் தள்ளுங்கோ, இழுக்கவேண்டாம், தள்ளி விட்டுத் தள்ளி விட்டு நாலைஞ்சு தரம் செய்தா "சர்ர்" எண்டு றபர் உரியிற சத்தம் கேக்கும், பிறகு தானா வரும். ஸ்குறூட்ரைவர் விட்டு நெம்பினா பெயின்ற் உடைஞ்சு அந்த இடத்தில உப்புக் காத்துக் கறள் பிடிக்கும்.

உண்மையிலயே எல்லாம் பூட்டித்தான் இருக்கெண்டா இனித்தான் முக்கியமான விசயம். கண்ணாடியை ஈரத்துணியால துடைச்சுப்போட்டு, ரோச்சை கண்ணாடியோட ஒட்டி வச்சு, டாஷ்போர்ட் நடுவில இருக்கிற இக்னிசன் பூட்டின்ர முகத்தைப் பாருங்கோ. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார் கனக்கவற்றில திறப்பின்ர இலக்கத்தைப் பூட்டு முகத்திலயே அடிச்சு வச்சிருக்கு, சின்ன எழுத்து, எஃப்எஸ் எண்டோ வேற எழுத்தோ இருந்து பக்கத்தில மூண்டு இலக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாட்டி போனில படம் எடுத்துப் பெருப்பிச்சுப் பாருங்கோ, ரோச்சை நேர பிடிக்காம பக்கவாட்டிலை பிடிச்சா நிழல் விழுந்து இலக்கம் எழும்பித் தெரியும். அந்த இலக்கம் கிடைச்சா உங்களிட்ட திறப்பு இருக்கிற மாதிரித்தான், ஏனெண்டா இங்கிலாந்தில பழைய கார்ச் சாமான் விக்கிற கடையளிட்ட அந்த இலக்கத்தைச் சொன்னா அதே திறப்பை அனுப்புவினம், அங்க சொந்தக்காரர் ஆரும் இருந்தா ஒரு கடிதக் கவருக்குள்ள வந்து சேரும்.

இன்னொரு விசயமும் சொல்லவேணும். எஃப்எஸ் வரிசையில 876 தொடக்கம் 955 வரை மொத்தம் 80 திறப்புத்தான். ஒஸ்ரின், மொறிஸ் எண்டு எத்தனையோ ஆயிரம் காருக்கு இந்த 80 தான் சுத்திச் சுத்தி வந்தது. அதுவும் அறுபது வருசம் பாவிச்ச பூட்டுக்குள்ள இருக்கிற பித்தளைத் தகடுகள் தேஞ்சுபோய் இருக்கிறதால பக்கத்து இலக்கத் திறப்பும் சில நேரம் சுத்தும். அதாலதான் பழைய கார் வச்சிருந்த ஆக்களிட்ட கேளுங்கோ எண்டு நான் முதல் சொல்லுறனான், மானிப்பாயிலயோ சுன்னாகத்திலயோ ஹயர் ஓடின ஒரு ஐயான்ர லாச்சிக்குள்ள இப்பவும் ஒரு கொத்துத் திறப்பு கிடக்கும்.

என்னட்டயும் ஒரு கொத்து இருக்கு. அதில ஒண்டு எங்கட அப்பான்ர ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜின்ர. பெற்றோல் வராத காலத்தில ஸ்ரார்ட் பண்ண மட்டும் துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணையில ஓடின கார். 95 ஐப்பசியில இடம்பெயரேக்க மண்ணெண்ணையும் இல்லை, றோட்டில கால் வைக்கவும் இடமில்லை, அப்பா கொக்குவில் வீட்டில காரைப் பூட்டித் திறப்பை மடியில கட்டிக்கொண்டு தென்மராட்சிக்கு எங்களோட நடந்து வந்தவர். அடுத்த வருசம் திரும்பி வரேக்க கார் நிண்ட இடத்தில எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அந்தத் திறப்பை அவர் எறியேல்லை, நானும் எறியேல்லை, தலைப்பக்கம் தேஞ்சு வழுவழு எண்டு இருக்கும். அதுக்குப் பிறகு அந்தத் திறப்பு மூண்டு பேரின்ர காரைத் திறந்திருக்கு.

திறப்பு கிடைச்ச உடன செருகி முறுக்காதேங்கோ. பழைய திறப்பு பூட்டுக்குள்ள முறிஞ்சா வேலை ரெட்டிப்பு. முதல் நாள் டபிள்யூடி 40 ஓட்டைக்குள்ள அடிச்சு விடுங்கோ, இல்லாட்டி மண்ணெண்ணையில கொஞ்சம் இஞ்சின் ஒயில் கலந்து ஊசியால ரெண்டு சொட்டு, அடுத்த நாளும் அப்பிடியே, பிறகு திறப்பைப் போட்டு இஞ்சாலயும் அங்காலயும் மெதுவா அசைச்சுக்கொண்டே இருங்கோ.

திறப்புக்குக் காத்திருக்க நேரமில்லை, தை வந்திட்டுது எண்டா உடைக்காமல் போற வழியும் இருக்கு. கதவுக் கண்ணாடியில ரெண்டு உள்ளங்கையையும் நல்லா அழுத்தி வச்சுக் கீழ்நோக்கித் தள்ளிப் பாருங்கோ, கண்ணாடியை ஏத்தி இறக்கிற பல்லுச்சில்லு தேஞ்ச காரில ரெண்டு விரல் அளவு இறங்கும், அது காணும், ஒரு தடிச்ச கம்பியின்ர நுனியை வளைச்சுத் துணி சுத்தி விட்டு உள்கைபிடியை இழுக்கலாம். அசையேல்லை எண்டா முக்கோணக் கண்ணாடிக்கு வாங்கோ, உடைக்க இல்லை. றபரில சவுக்காரத் தண்ணி விட்டு அரை மணித்தியாலம் ஊறவிடுங்கோ, பிறகு பெட்டி கட்டுற பிளாஸ்ரிக் பட்டியை ரெண்டா மடிச்சு மெல்ல உள்ளுக்கு விட்டு அந்த வளையத்தைக் கொளுக்கியில மாட்டித் திருப்புறது. பொறுமை வேணும், எனக்கே ஒருக்கா ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. டிக்கி பூட்டாம இருந்தா இன்னும் சுகம், மைனர் 1000 இன்ர பின்சீற் சாய்மானம் முன்னுக்கு மடியும், மெல்லிய பொடியன் ஒருத்தனை டிக்கிக்குள்ளால விட்டா அவன் உள்ளுக்கு இருந்து திறந்து தருவான். அவன் உள்ளுக்கு இருக்கேக்க டிக்கி மூடி விழாம ஆராவது ஒரு ஆள் பிடிச்சுக்கொண்டே நிக்கவேணும்.

புதுக் காருக்குப் பாவிக்கிற தட்டைக் கம்பியைக் கதவுக்குள்ள விட்டுக் கிண்ட விடாதேங்கோ, உள்ளுக்கு இருக்கிற கம்பித் தொடுப்புக் கழண்டா பிறகு திறப்பு இருந்தும் திறக்க ஏலாது.

இதெல்லாம் சரிவராட்டிக் கடைசி வழி பின்கண்ணாடியின்ர றபரை வெட்டிக் கண்ணாடியை முழுசாக் கழட்டுறது. ரெண்டு பேர், ஒராள் வெட்ட ஒராள் தாங்கிப் பிடிக்க. றபர் புதுசா வாங்கலாம், எப்பிடியும் அறுபது வருச றபரை மாத்தத்தான் வேணும்.

ஆரைக் கூப்பிட்டாலும் காரின்ர பதிவுப் புத்தகத்தையும் உங்கட அடையாள அட்டையையும் கையில வச்சிருங்கோ, புத்தகம் பாக்காமப் பழைய கார் பூட்டில நான் கை வைக்கிறேல்லை, மற்றவையும் அப்பிடித்தான் இருக்கவேணும். கார் இன்னும் அப்பப்பான்ர பேரில எண்டா பெரியப்பாவுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுத் திறவுங்கோ. அவர் வந்து பாக்கேக்க தன்ர தகப்பன்ர காரை ஆரோ உடைச்ச மாதிரி அவருக்குத் தெரியக்கூடாது.

கதவு திறந்தா காரை வெளியால எடுக்க இக்னிசன் திறப்பே தேவையில்லை. 59 மைனரில ஸ்ரியறிங் லொக் இல்லை, கியரை நியூற்றலில விட்டு ஹாண்ட்பிறேக்கை இறக்கிப்போட்டுத் தள்ளலாம். தள்ளியும் அசையாட்டி பிறேக் டிறம்மில ஒட்டியிருக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி ஆட்டி, டிறம்மில மரச் சுத்தியலால தட்டினா விடும். ஸ்ரார்ட் பண்ண அவசரப்படாதேங்கோ. அந்தக் கார் பொசிற்றிவ் எர்த், பற்றறியின்ர பொசிற்றிவ் முனைதான் பொடியில கட்டியிருக்கும், இப்பத்தைப் பொடியள் பழக்கத்தில மாறிக் கொழுவிப் போடுவினம். ராங்க்கில மூண்டு வருசப் பெற்றோல் கிடக்கு, அதையும் இறக்கவேணும். வெளியால எடுத்துக் கழுவித் துடைச்சு வச்சாலே பெரியப்பாவுக்குக் காணும். டிறைவர் கதவுக் கைபிடியைப் பிறகு ஆறுதலா உள்பக்கத்தால கழட்டி ரவுணில திறப்பு வெட்டுறவரிட்டக் குடுத்தா அந்தப் பூட்டைப் பார்த்தே திறப்பு வெட்டித் தருவார்.

இண்டைக்குப் பின்னேரமே ரோச்சைக் கொண்டுபோய்ப் பார்த்திட்டு இலக்கத்தை எழுதி அனுப்புங்கோ, என்ர கொத்தில இருக்கோ எண்டு பார்க்கிறன்.