ஏ.ஐ.யில் இவ்வளவு பணம் கொட்டுகிறார்களே, அது லாபமாகத் திரும்புமா?

ஏ.ஐ. வேலை செய்கிறதா என்பது ஒரு கேள்வி, அதில் லாபம் வருமா என்பது வேறு கேள்வி. சந்தேகப்படுபவர்களில் விவரமானவர்கள் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள்.

பழைய மென்பொருள் தொழிலில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அடுத்த வாடிக்கையாளருக்கு ஏறக்குறையச் செலவே இல்லை. சாட்ஜிபிடி போன்றவற்றில் ஒவ்வொரு கேள்விக்கும் சிப் ஓட வேண்டும், மின்சாரம் வேண்டும். ஓயாமல் பயன்படுத்தும் சந்தாதாரரால் நிறுவனத்துக்கு நஷ்டம்கூட வரலாம்! செலவு குறைந்துகொண்டே வருகிறதே என்பார்கள். சரி, ஆனால் படிப்படியாக யோசித்துப் பதில் தரும் புதிய மாடல்கள் ஒரே கேள்விக்குப் பல மடங்கு கணக்கீடு செய்கின்றன. மிச்சமானது அங்கே கரைகிறது.

அப்புறம், பணம் சுற்றும் விதம். எனக்கு உறுத்துவது இதுதான். 2025 செப்டம்பரில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யும் திட்டத்தை, ஏ.ஐ. சிப்களை விற்கும் என்விடியா அறிவித்தது. அந்தத் திட்டப்படி ஓபன்ஏஐ அமைக்கவிருந்த தரவு மையங்களில் ஓடவிருந்ததும் என்விடியா சிப்கள்தான். விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுத்தால் உண்மையான தேவையை எப்படி அளப்பது? 1990களின் இறுதியில் இணைய நிறுவனங்களில் பணம் கொட்டிய டாட்காம் காலத்தில், லூசென்ட், நார்டெல் போன்ற தொலைத்தொடர்புக் கருவி விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்துத்தான் விற்பனையைப் பெருக்கினார்கள். 2001 வாக்கில் அது இடிந்தது. அன்று புதைத்த ஃபைபர் கேபிள்களாவது பல ஆண்டுகள் பயன்பட்டன. சிப்களோ சில ஆண்டுகளிலேயே பழசாகிவிடும்.

இதை வைத்து "ஏ.ஐ.யே ஏமாற்று வேலை" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிரல் எழுதுபவர்களில் பலர் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். டாட்காம் சரிவுக்குப் பிறகும் இணையம் வளர்ந்தது, பல முதலீட்டாளர்கள்தான் பணத்தை இழந்தார்கள்.