தோடி பழசுதான், அதனால் என்ன?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் கணினியில் இசையமைக்கிறான். நான் தோடி ராகம் கேட்டுக்கொண்டிருந்தால், "இருநூறு வருஷமா இதையேதான் பாடுறாங்க, புதுசா என்னப்பா இருக்கு?" என்கிறான். புதுமை இல்லையென்றால் அது கலை இல்லையா? எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: பையன்மீது கோபப்படாதீர்கள், கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் தோடியை வைத்துக் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டான்.

தோடி என்றதும் நினைவுக்கு வருபவர் நாகசுர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் புதுமையும் செய்தவர். அதுவரை வழக்கத்தில் இருந்தது திமிரி, அதாவது குட்டையான, சுருதி தூக்கலான நாகசுரம். அதை விட்டுவிட்டு நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகசுரத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று பெரும்பாலும் எல்லாருமே பாரிதான் வாசிக்கிறார்கள், ஆக அந்தப் புதுமை எப்போதோ பழசாகிவிட்டது. புதுமைதான் அளவுகோல் என்றால் அவர் கணக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கரகரவென்று ஓடும் பழைய ஒலிப்பதிவில் அந்தத் தோடியைக் கேட்டுப் பாருங்கள், காந்தார சுரத்தை (ச-ரி-க-வில் வரும் 'க') பிடித்து அவர் அசைக்கும்போது பாரியா திமிரியா என்று யாருக்கு ஞாபகம் வருகிறது? ராகம் எல்லாருக்கும் சொந்தமான பழைய ராகம், அவர் வாசித்தது அவருடையது.

இன்னொன்று. 17ஆம் நூற்றாண்டில் இசை இலக்கணம் எழுதிய வேங்கடமகி 72 மேளங்களை, அதாவது தாய் ராகங்களை, கணக்குப் போட்டு அடுக்கினார்; அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை என்று அவர் விவரித்தது 19தான். மற்றவை அன்றைக்குப் புத்தம் புதுசு. ஆனால் வெறும் ஏட்டில். பின்னால் வந்தவர்கள் அவற்றில் பாட்டுக் கட்டிய பிறகுதான் அவற்றுக்கு உயிர் வந்தது. புதுசாக ஒன்றைச் செய்வது அவ்வளவு கஷ்டமில்லை, சுரங்களை மாற்றிப் போட்டால் போதும். உங்கள் பையனின் கணினி ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் செய்து தரும்!

சரி, இதைப் படித்துவிட்டு நீங்கள் மீசையை முறுக்க வேண்டாம். "பழசு, அதனால் உசத்தி" என்பதும் இதே தப்புதான். கச்சேரி மேடையில் நாம் சாதாரணமாகப் பார்க்கும் வயலின் வெளிநாட்டிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்றுக்கொண்டு நம் இசைக்குள் கொண்டுவந்தார். மாண்டலினில் கர்நாடக சங்கீதமா என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன், யு. ஸ்ரீநிவாஸ் வாசித்துக் கேட்கும் வரை. அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். முதலில் செய்தவருக்கு உரிய பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும், அது வரலாற்றுக் கணக்கு. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறதா என்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் உங்கள் வீட்டில் இந்தச் சண்டை.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். முதல் தடவை எதைக் கேட்டாலும் புதுசு என்ற கவர்ச்சி கொஞ்சம் இருக்கும், அதனால் அந்தத் தடவையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. பையன் போட்ட மெட்டை இந்த வாரம் நான்கு தடவை கேளுங்கள், அதுவும் ஹெட்போனில், அவன் பக்கத்தில் இல்லாதபோது. பதிலுக்கு அவன் ராஜரத்தினத்தின் தோடியை நான்கு தடவை கேட்கட்டும். ஐந்தாவது தடவை யார் எதைத் தானாகப் போட்டுக் கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.